உயரம் தேடும் பூனைகள்: அடுக்குமாடி வீட்டில் ஓர் ஏறுகோபுரம்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கு அருகில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. இரண்டு பூனைகள் எங்களோடு வாழ்கின்றன. மூத்தவன் முத்து, பன்னிரண்டு வயதைக் கடந்தவன். இளையவள் பொன்னி, இரண்டு வயதுக்காரி. சென்ற ஆண்டு ஒரு காலைப் பொழுதில் பால்கனிக் கைப்பிடிச் சுவரின் மீது புறா ஒன்று வந்து அமர்ந்தது. பொன்னி பாய்ந்தாள். புறா பறந்துவிட்டது, பொன்னி கீழே விழுந்தாள்.

தரைத்தளத்துச் செடிப் பாத்தியில் விழுந்ததால் உயிர் தப்பினாள். தாடை எலும்பு முறிந்திருந்தது, மார்பிலும் அடிபட்டிருந்தது. சிகிச்சை முடிந்து அவளை வீட்டுக்கு அழைத்து வந்த நாளில் கால்நடை மருத்துவர் எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பால்கனிச் சுவரைத் தவிர, உங்கள் வீட்டில் இவள் ஏறி அமர்வதற்கு உயரமான இடம் வேறு ஏதேனும் இருக்கிறதா?”

எங்களிடம் விடை இல்லை. அலமாரியின் மேல் ஏறினால் அதட்டுவோம். குளிர்பதனப் பெட்டியின் மேல் ஏறினால் இறக்கி விடுவோம். அவளுக்கென எஞ்சியிருந்த ஒரே உயரம் அந்தக் கைப்பிடிச் சுவர்தான். அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது கற்றவற்றை, அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கும் வாடிக்கையாளர்களோடு இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

பூனை ஏன் மேலே ஏறுகிறது?

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் காட்டுப் பூனை. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறை ஒன்றில் மனிதரோடு ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை, 2004ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்தனர். இத்தனை ஆயிரம் ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்தும் பூனையின் இயல்பு பெரிதும் மாறிவிடவில்லை. எலிக்கும் பறவைக்கும் அது வேட்டையாடும் விலங்கு. தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கோ அது இரை. உயரமான இடம் இந்த இரண்டு நிலைகளுக்கும் உதவுகிறது. அங்கிருந்து வேட்டையைப் பார்க்கலாம். அச்சம் வந்தால் அங்கேயே ஒதுங்கவும் செய்யலாம்.

அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கமும் பன்னாட்டுப் பூனை மருத்துவக் கழகமும் இணைந்து 2013இல் வெளியிட்ட வழிகாட்டி, பூனையின் சூழல் தேவைகளை ஐந்து தூண்களாக வகுக்கிறது. பாதுகாப்பான இடம், உணவு, நீர், மணல்தட்டு, ஓய்விடம் போன்றவை ஒன்றுக்கு மேற்பட்டு, தனித்தனி இடங்களில் அமைதல், விளையாடவும் வேட்டை இயல்பை வெளிப்படுத்தவும் வாய்ப்பு, மனிதரோடு இதமான, சீரான உறவு, பூனையின் மோப்ப உலகை மதிக்கும் சூழல் என்பவை அவை. நல்ல ஏறுகோபுரம் ஒன்று இவற்றுள் முதல் மூன்றுக்கு நேரடியாகத் துணை செய்கிறது. ஆகவே அதை அழகுப் பொருள் என்று கருதாமல், கட்டில், மேசை போல வீட்டின் அடிப்படைத் தேவைகளுள் ஒன்றாகக் கொள்வதே பொருத்தம்.

விழுந்தாலும் பூனை நான்கு கால்களில் நிற்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே உண்டு. அது பாதி உண்மை. விழும்போது உடலைத் திருப்பிக்கொள்ளும் திறன், குட்டி பிறந்த ஆறேழு வாரங்களுக்குள் முழுமை பெற்றுவிடுகிறது. ஆனால் கால்களில் இறங்குவது வேறு, காயமின்றி இறங்குவது வேறு. நியூயார்க் நகரின் விலங்கு மருத்துவமனை ஒன்றுக்கு, மாடிகளிலிருந்து விழுந்து கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு 1987இல் வெளியானது. சிகிச்சை பெற்றவற்றில் ஏறத்தாழ 90 விழுக்காடு பிழைத்தன. இந்த எண் ஆறுதல் தருவதுபோலத் தோன்றும். எனினும் விழுந்த இடத்திலேயே இறந்துபோன பூனைகள் மருத்துவமனைக்கு வந்திருக்கவே மாட்டா என்பதையும், பிழைத்தவற்றுள் பல மார்பு, தாடை, கால் காயங்களோடு வந்தன என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

முதல் கோபுரமும் எங்கள் தவறும்

கடைகளில் ‘கேட் ட்ரீ’ என்று கேட்டால்தான் புரியும். மருத்துவரிடமிருந்து திரும்பிய வாரமே, படத்தில் மிக அழகாகத் தெரிந்த ஒன்றை இணையத்தில் வாங்கினோம். ஆறடி உயரம், சாம்பல் நிறப் பஞ்சுத்துணி, தொங்கும் பந்துகள், சிறு வீடு ஒன்று. அடிப்பலகையோ ஒரு முழத்துக்கும் குறைவு. பொன்னி முதல் முறை பாய்ந்து ஏறியபோதே கோபுரம் சாய்ந்தாடியது. அவள் இறங்கி ஓடினாள். பிறகு பல நாட்கள் அதன் பக்கமே வரவில்லை. வீட்டின் அழகு கெடாதிருக்க அதை யாரும் புழங்காத பின்னறையின் மூலைக்குத் தள்ளினோம். அது இரண்டாவது தவறு. சில மாதங்களில் துணி உதிர்ந்து, தூண் வெறும் அட்டைக் குழாய் என்பது வெளிப்பட்டது.

தவறு பூனையுடையதன்று. தேர்விலும் பிழை செய்தோம். வைத்த இடத்திலும் பிழை செய்தோம்.

தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை

*அடிப்பலகை.* உயரத்துக்கு முன் அகலத்தைப் பாருங்கள். நான்கைந்து கிலோ எடையுள்ள பூனை மெல்ல ஏறுவதில்லை, ஓடிவந்து பாய்கிறது. அப்போது கோபுரத்தின் உச்சியில் பக்கவாட்டில் விழும் தள்ளுவிசை, நெம்புகோல் போல அடியைத் தூக்கப் பார்க்கும். உயரம் கூடக் கூட இந்த விளைவும் கூடும். கடையில் வாங்குவதானால் உச்சித் தட்டைக் கையால் பக்கவாட்டில் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். அடி மேலெழுந்தால் அதை வாங்க வேண்டாம்.

*தட்டுகள்.* பூனை முழு உடலையும் நீட்டிப் படுக்க, குறைந்தது 40 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் வேண்டும். பருத்த பூனைக்கு இதனினும் பெரிதாக இருக்கட்டும். விளிம்பில் இரண்டு விரல் உயரத்துக்குத் தடுப்பு இருந்தால் உறங்கும்போது நழுவாது. மேலே மூடிய சிறு வீடு ஒன்று இருந்தால், அதற்கு இரண்டு வாயில்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே வாயில் உள்ள வீடு, மற்றொரு பூனை வந்து மறித்துக்கொண்டால் பொறியாகிவிடும்.

*இறங்கும் வழி.* பூனையின் நகங்கள் பின்னோக்கி வளைந்தவை. ஏறுவதற்கு ஏற்றவை, தலைகீழாக இறங்குவதற்கு ஏற்றவை அல்ல. ஆதலால் தட்டுகள் படிக்கட்டுப் போல ஒன்றுக்கொன்று விலகி, ஒவ்வொன்றும் 30 முதல் 40 சென்டிமீட்டர் இடைவெளியில் அமைவது நல்லது. உச்சியிலிருந்து நேரே தரைக்குக் குதிக்கும் கட்டாயம் இருக்கலாகாது.

*கீறும் தூண்.* மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத் தொகுதியைக் கண்டவர்கள் அங்குள்ள தவப்பூனையை மறந்திருக்க மாட்டார்கள். பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்தி, சுற்றிலும் எலிகள் சூழ அது தவம் செய்கிறது. வீட்டுப் பூனை தூணைக் கீறும்போது நிற்கும் நிலையும் ஏறத்தாழ அதுவே. முதுகும் தோளும் முழுவதும் நீள வேண்டும். அதற்குத் தூண் 80 முதல் 90 சென்டிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். தூண் குட்டையாகவோ ஆட்டம் காண்பதாகவோ இருந்தால் பூனை உங்கள் சோபாவைத் தேடிப் போகும். பூனை வளர்ப்போரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றிலும், மூன்றடிக்குக் குறையாத நிமிர்ந்த தூண்களையும், கயிறு சுற்றிய பரப்பையும் பூனைகள் மிகுதியாகப் பயன்படுத்தியது தெரியவந்தது.

*பொருள்.* கற்றாழை இனச் செடியின் நாரில் திரித்த சிசல் கயிறு நெடுநாள் உழைக்கும். கிடைக்காவிடில் தேங்காய் நார்க் கயிறும் உதவும். தும்பு சற்று மிகுதியாக உதிரும், அவ்வளவே. எண்ணெய் வாடை வீசும் கயிற்றைத் தவிர்க்கவும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை விலை குறைவு. ஆனால் மழைக்காலத்தில் பால்கனிக் கதவோரம் சாரல் பட்டால் ஊதிப் பெருத்துத் திருகாணியின் பிடி விட்டுவிடும். ஒட்டுப்பலகையே மேல். பொதுப் பயன்பாட்டுப் பலகைக்கு ஐ.எஸ். 303, நீர் தாங்கும் கடல்தரப் பலகைக்கு ஐ.எஸ். 710 ஆகியவை இந்தியத் தர எண்கள். பலகையின் மீது அச்சிட்டிருக்கும்.

தச்சரிடம் செய்துகொண்டோம்

இரண்டாம் முறை நாங்கள் கடைக்குச் செல்லவில்லை. எங்கள் பகுதித் தச்சரை அழைத்தோம். ஆறடி உயரம் வேண்டும் என்று தொடங்கியதும் அவர் கையமர்த்தினார். “உயரத்தை அப்புறம் பேசலாம் சார். அடியில் எவ்வளவு இடம் விடுவீர்கள், அதை முதலில் சொல்லுங்கள்” என்றார். அவருடைய கணக்குப்படி ஐந்தடிக் கோபுரத்துக்கு இரண்டடிச் சதுரம் அடிப்பலகை. பலகையின் கனம் 19 மில்லிமீட்டர். தூணுக்கு, கழிவுநீர்க் குழாயாகப் பயன்படும் 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய், அதற்குள் மரச்சட்டம். இதில் நாங்கள் வியந்தது கயிற்றின் அளவைத்தான். 8 மில்லிமீட்டர் கயிற்றை 80 சென்டிமீட்டர் உயரத்துக்கு இடைவெளியின்றிச் சுற்ற நூறு சுற்றுகள் வேண்டும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 37 சென்டிமீட்டர் என்றால், ஒரு தூணுக்கே 37 மீட்டர்! வாங்கப் புறப்படும் முன் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்வது நல்லது. கயிற்றின் முனைகளைப் பசையிட்டு ஒட்டிப் பலகைக்கு அடியில் மறைத்தார். குண்டூசியோ கம்பித் துண்டோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

நான்கடிக்கு மேற்பட்ட எந்தக் கோபுரத்தையும் சுவரோடு இரும்புக் கோணப்பட்டை கொண்டு பிணைப்பது பாதுகாப்பு. வாடகை வீட்டில் இருப்போர் சுவரில் துளையிடும் முன் உரிமையாளரிடம் எழுத்தில் இசைவு பெறுவது அறிவுடைமை. பெங்களூரில் பல மாத வாடகையை முன்பணமாகக் கொடுக்கும் வழக்கம் நீண்ட காலமாக உண்டு. வீட்டைக் காலி செய்யும்போது நான்கு துளைகளுக்காக அதில் பிடித்தம் நேர வேண்டாமே. தரைக்கும் கூரைக்கும் இடையே இறுக்கி நிறுத்தும் கம்ப வகைக் கோபுரங்களுக்குத் துளை தேவையில்லை. ஆனால் ஜிப்சம் பொய்க்கூரை அந்த அழுத்தத்தைத் தாங்காது; கான்கிரீட் கூரைக்கே அவை பொருந்தும்.

எங்கே வைப்பது?

பூனைக்கு உயரம் மட்டும் போதாது. குடும்பத்தார் புழங்கும் இடத்தில் தானும் இருக்க வேண்டும். ஆளரவமற்ற பின்னறையில் வைத்த எங்கள் முதல் கோபுரம் வெறுமையாகவே கிடந்ததன் காரணம் இதுவே. கூடத்தில், சன்னலோரமாக, இரண்டு பக்கச் சுவர்கள் சந்திக்கும் மூலை சிறந்த இடம். முதுகுக்குச் சுவரின் காப்பு. முகத்துக்கு வாசலும் சன்னலும் தெரியும். நடைபாதையின் குறுக்கிலும், சலவை இயந்திரம் போன்று திடீரென ஓசை எழுப்பும் பொருள்களின் அருகிலும் வைக்க வேண்டாம். மணல்தட்டுக்கு அருகிலும் வேண்டாம்.

நம் நாட்டு வீடுகளுக்கே உரிய ஓர் ஆபத்து மின்விசிறி. வழக்கமான கூரை விசிறியின் வீச்சு 1,200 மில்லிமீட்டர். நடுவிலிருந்து நாற்புறமும் இரண்டடி. கோபுரத்தின் உச்சித் தட்டில் பூனை எழுந்து நின்று தாவினாலும் அந்த வட்டத்தை எட்டாதவாறு இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூசை விளக்கு, எரிவாயு அடுப்பு, திரைச்சீலைக் கயிறு ஆகியவையும் எட்டாத் தொலைவில் இருக்கட்டும்.

சன்னலோரச் செடிகளையும் ஒருமுறை பாருங்கள். பல வீடுகளில் உள்ள மணி பிளான்ட் இலையைக் கடித்தால் பூனைக்கு வாயும் தொண்டையும் எரியும். லில்லி மலர்களோ மிகக் கொடியவை. இதழ், இலை, மகரந்தம் எதுவாயினும் சிறிதளவே பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். பூங்கொத்தில் லில்லி இருந்தால் வீட்டுக்குள் கொண்டுவராதிருப்பதே நல்லது.

புதிய கோபுரத்தில் பூனையைத் தூக்கி வைத்துப் பழக்க முயல வேண்டாம். அது படுத்துறங்கிய பழைய துணியை ஒரு தட்டில் விரித்து, கயிற்றில் கட்டிய இறகை மெல்ல மேலே இழுத்து விளையாட்டுக் காட்டுங்கள். தானாக ஏறிய இடத்தையே பூனை தனதென்று கொள்ளும்.

முத்துவின் கதை

பொன்னிக்காகச் செய்த கோபுரம் முத்துவைப் பற்றியும் எங்களுக்கு ஓர் உண்மையை உணர்த்தியது. ஓராண்டாகவே அவன் கட்டிலின் மேல் ஏறுவதில்லை. வயதாகிவிட்டது, சோம்பல் என்று எண்ணியிருந்தோம். புதிய கோபுரத்தின் முதல் தட்டைப் பார்த்து நின்றான், முன்னங்கால்களை வைத்தான், பிறகு இறங்கித் திரும்பிவிட்டான். மூன்று நாட்கள் இதையே பார்த்த பிறகுதான் அவனுக்கு விருப்பம் இருக்கிறது, உடல் இடந்தரவில்லை என்பது எங்களுக்கு உறைத்தது.

2002இல் வெளியான ஆய்வொன்றில், பன்னிரண்டு வயதைக் கடந்த நூறு பூனைகளின் ஊடுகதிர்ப் படங்களை ஆராய்ந்தபோது, தொண்ணூறு விழுக்காட்டில் மூட்டுத் தேய்மானத்தின் அடையாளங்கள் காணப்பட்டன. பூனை நொண்டிக் காட்டாது, முனகாது, ஏறுவதை மெல்ல நிறுத்திக்கொள்ளும். முத்துவுக்கும் அதுவேதான் என்று மருத்துவர் உறுதி செய்து மருந்து தந்தார். இங்கே ஓர் எச்சரிக்கை: மனிதருக்கான வலி மாத்திரைகளை ஒருபோதும் பூனைக்குத் தரலாகாது. நாம் சாதாரணமாக விழுங்கும் பாராசிட்டமால் பூனையின் உயிரைப் பறிக்கவல்லது.

தச்சர் மீண்டும் வந்தார். முதல் தட்டுக்கு முன் ஒரு சாய்வுப் பலகையும், 20 சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு படிகளும் சேர்த்தார். வழுக்காதிருக்க அவற்றின் மீது சாக்குத் துணி ஒட்டினார். இரண்டு பூனைகள் உள்ள வீட்டில் ஒரே உச்சித் தட்டு இருந்தால் வலியதே அதை ஆளும். ஆகவே கீழ் வரிசையிலும் சன்னல் பார்க்கும் அகன்ற தட்டு ஒன்று அமைத்தோம். ஏறவும் இறங்கவும் இரு வழிகள் இருப்பதால், ஒன்று மற்றொன்றை மறிப்பதும் குறைந்தது.

பால்கனியை மறந்துவிடக் கூடாது

கோபுரம் வைத்தாயிற்று என்று பால்கனிக் கதவைத் திறந்து போடலாகாது. கைப்பிடிச் சுவருக்கு அருகில் வைத்த கோபுரம், விழுவதற்கு ஏணி போட்டுக் கொடுத்ததாகிவிடும். பெங்களூரு அடுக்குமாடிகளில் பரவலாகக் கட்டப்படும் நைலான் புறா வலை புறாவைத் தடுக்கவே செய்யப்பட்டது. பூனை கடித்தும் கீறியும் நாளடைவில் அதைக் கிழித்துவிடும். துருப்பிடிக்காத எஃகு வலை உறுதியானது. மெல்லிய எஃகு வடங்களை நெருக்கமாகக் கட்டும் வகையைத் தேர்ந்தெடுத்தால், குட்டியின் தலை நுழையாத இடைவெளிதானா என்று அளந்து பாருங்கள். தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடக்கூடும். சன்னலின் கொசுவலையையும் கையால் அழுத்திப் பாருங்கள். பூனை அதன் மீது சாய்ந்தமர்வது வழக்கம்.

செலவைப் பற்றிச் சில சொற்கள்

விலை குறைந்த கோபுரத்தை ஆண்டுதோறும் மாற்றுவதும், உறுதியான ஒன்றைப் பல ஆண்டுகள் வைத்திருப்பதும் செலவில் ஒன்றல்ல. விலையை அது உழைக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். கயிறு மாற்றும் செலவை மட்டும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். எங்களுக்கு உண்மையான பெருஞ்செலவாக வந்தது பொன்னியின் அறுவை சிகிச்சை. அதற்கென நாங்கள் எதையும் ஒதுக்கி வைத்திருக்கவில்லை. இன்று மாதந்தோறும் ஒரு சிறு தொகை தொடர் வைப்புக் கணக்கில் சேர்கிறது. தடுப்பூசிக்கும் எதிர்பாராத மருத்துவத்துக்கும் அது பயன்படும்.

சமூக ஊடகங்களில் அழகிய படம் காட்டி முழுப் பணத்தையும் முன்னதாகக் கேட்கும் விற்பனையாளர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி யாரேனும் யு.பி.ஐ. இரகசிய எண்ணை இடச் சொன்னால் அது ஏமாற்று. பணம் பெறுவதற்கு அந்த எண் தேவையே இல்லை. ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் சற்றும் தாமதியாமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்து, உங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள். தரமற்ற பொருள் குறித்து முறையிடத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பொன்னியின் தாடை இன்று முழுவதும் கூடிவிட்டது. மாலை வேளையில் அவள் கோபுரத்தின் உச்சியில் அமர்ந்து, எஃகு வலைக்கு அப்பால் வந்திறங்கும் புறாக்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு மூன்று தட்டுகள் கீழே முத்து சாய்வுப் பலகையில் நிதானமாக ஏறி, சன்னலுக்கு வெளியே நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்தபடி படுத்துக்கொள்கிறான். ஓராண்டுக்குப் பின் அவன் அங்கு ஏறிய முதல் நாளன்று, வீட்டில் யாரும் பேசாமல் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். உங்கள் வீட்டிலும் ஒரு முதிய பூனை எங்கேனும் ஏறுவதை நிறுத்தியிருந்தால், இந்த வாரமே ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.